ஸ்டாக்ஹோம் – ஹெல்சிங்கி இரவுக் கப்பல்: பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு ஒரு நாள் மிச்சமா?

உப்சாலாவாசி:
ஒன்பதும் நான்கும் வயதான பிள்ளைகளோடு வரும் ஒரு குடும்பம் கேட்டதற்கு நண்பர் நெடும்பயணி நேற்று இங்கே இட்ட "பிள்ளைகளோடு வட ஐரோப்பா, பன்னிரண்டு இரவுகள்" என்ற திட்டத்தை இருமுறை படித்தேன். கோப்பன்ஹேகனில் மூன்று இரவு, ஸ்டாக்ஹோமில் நான்கு, கப்பலில் ஒன்று, ஹெல்சிங்கியில் மூன்று, எஸ்டோனியாவின் தாலினில் ஒன்று என்று அடுக்கியிருக்கிறார். மற்றவற்றைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. ஆனால், "ஸ்டாக்ஹோமிலிருந்து ஹெல்சிங்கிக்கு இரவுக் கப்பலில் போனால் முழுதாக ஒரு நாள் மிச்சம், பிள்ளைகளை விமானத்தில் ஏற்றுகிறவர்களுக்குப் பயணம் செய்யவே தெரியாது" என்று எழுதியிருக்கிறாரே, அந்த வரியைப் படித்த பிறகு என்னால் பேசாமல் இருக்க முடியவில்லை. பதினோர் ஆண்டுகளாக ஸ்வீடனில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகளோடு அந்தக் கடலை நான்கு முறை கப்பலில் கடந்தவள்.

ஒரு நாள் மிச்சமாகவில்லை. கப்பல் மாலை ஐந்து மணியை ஒட்டிப் புறப்படுகிறது. அதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது துறைமுகத்தில் நிற்க வேண்டும். அதற்கும் முன்பு விடுதிக்குத் திரும்பி, பெட்டிகளை எடுத்து, தள்ளுவண்டியோடு சுரங்க ரயிலில் இறங்கி ஏற வேண்டும். ஆக, பிற்பகல் இரண்டரை மணிக்கே உங்கள் ஸ்டாக்ஹோம் முடிந்துவிடுகிறது. ஜூன் மாதத்தில் வாசா அருங்காட்சியகம் மாலை ஆறு மணி வரை திறந்திருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணமும் இல்லை. 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கி, 1961-இல் கடலடியிலிருந்து தூக்கப்பட்ட அந்த மரக்கப்பலைப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். மறுநாள் காலை பத்து மணியை ஒட்டி ஹெல்சிங்கி வரும்; அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. விடுதி அறையோ பெரும்பாலும் மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். இதில் மிச்சமான நாள் எங்கே இருக்கிறது என்று அவரே காட்டட்டும்.

நெடும்பயணி:
அம்மா, என் திட்டத்தில் நாற்பது வரிகள் இருக்க, ஒரே வரியைப் பிடித்துக்கொண்டீர்கள். சரி, அந்த வரிக்கே வருகிறேன். பகலில் பயணம் செய்தால் பகல் போகிறது. இரவில் பயணம் செய்தால் பகல் நிற்கிறது. இதைவிட எளிதாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மேலும், கப்பலில் கட்டணம் அறைக்கு. நான்கு பேர் ஒரே அறையில் படுக்கலாம். வடநாட்டு விடுதிகளில் இரண்டு பேருக்கு மேல் ஓர் அறையில் தங்க வேண்டுமானால் குடும்ப அறை தேடி அலைய வேண்டும். ஒரு விடுதி வாடகை மிச்சம், ஒரு நாள் மிச்சம். உப்சாலாவில் குடியிருப்பதாலேயே பால்டிக் கடல் உங்களுக்குச் சொந்தமாகிவிடாது.

உப்சாலாவாசி:
வாடகையைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. நாளைப் பற்றிக் கேட்டேன். நாள் எங்கே?

இரட்டைப்பிள்ளை:
எனக்குச் சிறிய அனுபவம் ஒன்று உண்டு, சொல்லிவிட்டுப் போகிறேன். நாங்கள் ஜூன் நடுவில் போயிருந்தோம். ஸ்டாக்ஹோமில் இரவு பத்து மணிக்குச் சூரியன் மறைகிறது, மூன்றரை மணிக்கு எழுந்துவிடுகிறது. இடைப்பட்ட நேரத்திலும் வானம் முழுதாக இருளுவதில்லை. விடுதியின் திரைக்கு அடியில் ஒரு விரல் அகலத்துக்கு வெளிச்சம் வந்துகொண்டே இருந்ததில், ஐந்து வயது மகள் நான்கு இரவும் மூன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து "விடிஞ்சிருச்சு" என்றாள். கப்பலில் எங்களுக்குச் சன்னல் இல்லாத அறைதான் கிடைத்தது. கதவைச் சாத்தி விளக்கை அணைத்ததும், அந்தப் பயணத்தில் முதன்முறையாக நல்ல இருட்டு. பிள்ளைகள் இரண்டு பேரும் காலை எட்டு மணி வரை அசையவில்லை. எங்களுக்கு அந்த ஓர் இரவு பெரிய வரம்.

நெடும்பயணி:
கேட்டுக்கொள்ளுங்கள், உப்சாலாவாசி அம்மா. நன்றாக உறங்கிய பிள்ளைக்கு மறுநாள் முழு நாள். அதுதான் நான் சொன்ன மிச்சம்.

உப்சாலாவாசி:
அவர் உறக்கம் மிச்சம் என்றார். நாள் மிச்சம் என்று சொல்லவில்லை. அடுத்தவர் அனுபவத்தைத் தம் கணக்கில் வரவு வைத்துக்கொள்வது நல்ல பழக்கமில்லை.

என் அனுபவத்தையும் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் குழந்தையும் ஒரே மாதிரி உறங்குவதில்லை. இந்தக் கப்பல்கள் வழியில் பின்லாந்தைச் சேர்ந்த ஓலந்துத் தீவுகளில் நின்றுவிட்டுப் போகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்து நாடுகளுக்கு இடையே வரியில்லா விற்பனை 1999-இல் நிறுத்தப்பட்டது. ஆனால் ஓலந்துத் தீவுகள், அந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் மதிப்புக்கூட்டு வரி எல்லைக்கு வெளியே இருப்பதால், அங்கே நின்று போகும் கப்பலில் மதுவை வரியில்லாமல் விற்கலாம். அதற்காகத்தான் நள்ளிரவை ஒட்டிய அந்த நிறுத்தம். எங்கள் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. கப்பல் கரையை அணைக்கும்போது இயந்திரம் மாறி ஓடியதில் சுவரோடு சேர்ந்து கட்டில் நடுங்கியது. மேல்கட்டிலில் படுத்திருந்த மகன் விழித்துத் தலையைக் கூரையில் இடித்துக்கொண்டான். அவனைக் கீழே இறக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தபோது தாழ்வாரத்தில் வரியில்லாக் கடைப் பைகளோடு பாடிக்கொண்டே ஒரு கூட்டம் போனது. அன்று வெள்ளிக்கிழமை. இரண்டு மணிக்கு மேல்தான் அவன் கண்மூடினான். மறுநாள் ஹெல்சிங்கிச் சந்தைச் சதுக்கத்தில், கையில் கொடுத்த ஸ்ட்ராபெரியைக்கூடத் தின்னாமல் தள்ளுவண்டியில் தூங்கிப்போனான். சுவோமென்லின்னா கோட்டைக்குப் படகு எதிரிலேயே நின்றது, கால் மணி நேரத்துப் பயணம், போகவில்லை. அந்த நாளைத்தான் மிச்சம் என்கிறார் நண்பர்.

ஓஸ்லோக்காரன்:
இருவரும் கடலிலேயே நிற்கிறீர்கள். நான்கு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு நான்கு நாடுகள் எதற்கு? பின்லாந்தை விட்டுவிட்டு, நார்வேயில் ஓஸ்லோவிலிருந்து பேர்கனுக்கு ரயிலில் போங்கள். 1909-இல் திறந்த பாதை, 1,222 மீட்டர் உயரத்தில் ஃபின்சே நிலையம், ஏழு மணி நேரத்தில் காடும் பனியும் கடலோரமும் ஒரே சன்னலில் தெரிகின்றன. விளையாடும் இடத்தோடு பிள்ளைகளுக்கென்றே குடும்பப் பெட்டி இருக்கிறது. கப்பல் பேச்சே வேண்டாம்.

உப்சாலாவாசி:
சென்ற ஆண்டு இங்கே பேர்கனைப் பற்றிய விவாத இழையில், "ஜூனில் போகிறவர்கள் கம்பளிச் சட்டையைச் சுமக்க வேண்டாம்" என்று எழுதியவர் நீங்கள்தான். அதை நம்பிப் போன குடும்பம் ஃபின்சே நடைமேடையில் பனியைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகளைக் கீழே இறக்காமலே வந்ததாக இங்கேயே வந்து எழுதினார்கள். அதற்கு இன்று வரை நீங்கள் பதில் சொல்லவில்லை. இப்போது பின்லாந்தை விட்டுவிடச் சொல்கிறீர்கள்.

ஓஸ்லோக்காரன்:
"பேர்கன் நகரத்தில்" என்று தெளிவாக எழுதியிருந்தேன். ஃபின்சேயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பழைய பாக்கியை வசூலிக்கும் இடம் இதுவன்று.

உப்சாலாவாசி:
பேர்கன் நகரத்தில் என்ற சொல் அந்தப் பதிவில் இல்லை. இழை அப்படியே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

கணக்கர்73:
விசாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லையே என்பதுதான் எனக்கு வியப்பு. இந்த நாடுகளுக்கெல்லாம் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நாள்கள் சமமானால் முதலில் எந்த நாட்டின் எல்லை வழியாக உள்ளே நுழைகிறோமோ, அந்த நாட்டில். நெடும்பயணியின் திட்டத்தில் ஸ்வீடன் நான்கு, பின்லாந்து மூன்று. கப்பல் இரவைப் பின்லாந்தின் பக்கம் எழுதினால் நான்குக்கு நான்கு. கோப்பன்ஹேகனில் இறங்குவதால் விண்ணப்பம் டென்மார்க்குக்குப் போக நேரும். மிச்சப்படுத்திய அந்த நாளை எந்த நாட்டின் கீழ் எழுதுவார் என்று அவர் சொல்ல வேண்டும்.

நெடும்பயணி:
ஸ்வீடனின் கீழ்தான் எழுதுவேன். கப்பல் ஏறுவது அங்கேதானே? இதில் ஒரு குழப்பமும் இல்லை.

உப்சாலாவாசி:
மிச்சமான நாளுக்கு விண்ணப்பத்தில் கட்டம் தேட வேண்டியிருக்கிறது என்றால், அது மிச்சமாகவில்லை என்றுதானே பொருள்? செலவான நாளைத்தான் எழுதிக் கணக்குக் காட்டுவார்கள்.

கணக்கர்73:
நான் விசாவைப் பற்றிக் கேட்டேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கோவைக்குடும்பம்:
வணக்கம். இந்தத் திட்டத்தைக் கேட்டவன் நான்தான். எங்கள் பிள்ளைகளுக்கு வயது ஒன்பதும் நான்கும். ஜூன் 19, வெள்ளிக்கிழமை மாலை கப்பலுக்கு அறை இருக்கிறது. ஆனால் நாளுக்கு நாள் விலை ஏறிக்கொண்டிருக்கிறது. போடலாமா, வேண்டாமா என்று மட்டும் பெரியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

உப்சாலாவாசி:
தம்பி, அன்று மிட்சம்மர் என்ற நடுக்கோடை விழாவுக்கு முந்தைய நாள். ஜூன் 19-க்கும் 25-க்கும் இடையே வரும் வெள்ளிக்கிழமையைத்தான் ஸ்வீடன் அப்படிக் கொண்டாடுகிறது. ஊரில் பாதிப் பேர் கிராமத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள், கடைகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். ஆனால் ஸ்கான்சென் திறந்தவெளி அருங்காட்சியகத்தில் இலையும் பூவும் சுற்றிய கம்பத்தை நட்டு, பெரியவர்களும் பிள்ளைகளும் கைகோத்துச் சுற்றி ஆடுவார்கள். உங்கள் ஒன்பது வயதுப் பிள்ளை வாழ்நாளுக்கும் மறக்காது. அந்த மாலையைத்தான் நண்பர் உங்களைக் கப்பலில் கழிக்கச் சொல்கிறார். இப்போது சொல்லுங்கள், நாள் மிச்சமா, இழப்பா?

நெடும்பயணி:
கம்பம் நட்டு ஆடுவதைப் பிற்பகலிலேயே பார்த்துவிட்டுக் கப்பல் ஏறலாம். பின்லாந்திலும் அந்த வாரம் அதே விழாதான். சனிக்கிழமை அங்கே கடைகள் மூடியிருந்தாலும் கடற்கரையும் தீவுகளும் மூடுவதில்லை. ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிறவருக்கு ஹெல்சிங்கி டிராமில் கட்டணமே இல்லை. கப்பல் நகரத்தின் நடுவிலேயே கொண்டுபோய் இறக்குகிறது. விமானத்தில் போகிறவர், ஆறு மணிக்கு வாசாவிலிருந்து கிளம்பி, பெட்டியெடுத்து, அர்லாண்டா விமான நிலையம் போய், சோதனை முடித்து, பறந்து, அந்த ஒரு மணி நேரக் கடிகார வேறுபாட்டையும் சேர்த்து, நள்ளிரவில் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு விடுதிக் கதவைத் தட்டுவார். அது மட்டும் மிச்சமா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிறவரிடம் பேசிப் பயனில்லை.

உப்சாலாவாசி:
இரவு விமானத்தில் போங்கள் என்று நான் எங்கே எழுதினேன்? காலை விமானம் இருக்கிறது. ஒன்பது மணிக்குப் புறப்பட்டால் பதினோரு மணிக்கு, பின்லாந்து நேரத்தில்தான் சொல்கிறேன், இறங்கிவிடலாம். விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு ரயிலில் அரை மணி நேரம். கப்பலில் போகிறவரும் ஏறக்குறைய அதே நேரத்தில்தான் விடுதி வாசலில் நிற்பார். இவரோ முந்தைய மாலை ஆறு மணி வரை வாசாவில் இருந்துவிட்டு, நல்ல கட்டிலில் உறங்கி எழுந்தவர். மூன்றரை மணி நேரம் இவர் கையில் அதிகமாக இருக்கிறது. நான் சொல்லும் கணக்கு இது ஒன்றுதான். தொடக்கத்திலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இரட்டைப்பிள்ளை:
காலை ஒன்பது மணி விமானத்துக்கு ஆறு மணிக்கே பிள்ளைகளை எழுப்ப வேண்டுமே, அம்மா?

உப்சாலாவாசி:
ஜூனில் உங்கள் பிள்ளை மூன்றரைக்கே எழுந்துவிடுகிறது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்?

இரட்டைப்பிள்ளை:
அதைக் குறையாகத்தான் எழுதினேன். இப்படித் திருப்பிச் சொல்வீர்கள் என்று தெரிந்திருந்தால் எழுதியே இருக்க மாட்டேன்.

ஓஸ்லோக்காரன்:
இப்போதாவது தெரிகிறதா, பின்லாந்தை விட்டுவிடலாம் என்று நான் ஏன் சொன்னேன் என்று?

கோவைக்குடும்பம்:
ஐயா, அம்மா, நான் மாலைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இப்போது பார்த்தால் இன்னும் இரண்டு அறைகள்தான் காட்டுகிறது. இரண்டும் சன்னல் இல்லாதவை.

நெடும்பயணி:
உடனே போட்டுவிடுங்கள், தம்பி. சன்னல் இல்லாததே நல்லது. ஒரு நாள் மிச்சம்.

உப்சாலாவாசி:
தம்பி, போடுவதற்கு முன் கீழ்த்தளமா மேல்தளமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கீழ்த்தளம் என்றால் நான்கு வயதுப் பிள்ளையை மேல்கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். நாள் மிச்சமாகும் என்று நம்பிப் போடாதீர்கள். நெடும்பயணி அவர்களே, எந்த நாள் என்று தேதி போட்டு எழுதுங்கள்: 19-ஆ, 20-ஆ?