அமெரிக்காவில் ஃப்ளைட் டிஸ்பாட்சர் வேலை: 21 வயதில் எங்கிருந்து தொடங்குவது?

சிற்றலை கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். டல்லாஸ் பக்கம் இருக்கிறேன். வயது 21, கிரீன் கார்டு உண்டு. விமானம் ஓட்டுவதைவிட, அது எந்த வழியில், எவ்வளவு எரிபொருளோடு, எந்த வானிலையில் கிளம்பலாம் என்று முடிவு செய்கிற வேலைதான் எனக்குப் பிடித்திருக்கிறது. எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) சான்றிதழுக்கு 23 வயது ஆகவேண்டும் என்கிறார்களே, அதுவரை காத்திருக்கணுமா? மூக்குக்கண்ணாடி போடுகிறேன், மருத்துவப் பரிசோதனை இருக்குமா? தேர்வில் ஆட்கள் எங்கே சறுக்குகிறார்கள்?

வடக்குவாடை:

காத்திருக்க வேண்டாம். 23 என்பது சான்றிதழ் தருவதற்கான வயது. எழுத்துத் தேர்வை 21 ஆனதுமே எழுதலாம். அதற்கு ஏடிஎக்ஸ் என்று பெயர்: 80 கேள்விகள், 3 மணி நேரம், 70 விழுக்காடு எடுத்தால் தேர்ச்சி. அந்த மதிப்பெண் 24 மாதம் செல்லும். செய்முறைத் தேர்வையும் 23க்கு முன்பே முடித்தால் ஒரு தகுதிக் கடிதம் தருவார்கள். வயது நிறைந்ததும் அதைச் சான்றிதழாக மாற்றிக்கொள்ளலாம். ஆனால் சான்றிதழ் வரும்வரை எந்த விமானத்துக்கும் ரிலீஸில் (கிளம்ப அனுமதிக்கும் தாள்) கையெழுத்துப் போட முடியாது.

படிப்பு குறைந்தது 200 மணி நேரம், எஃப்ஏஏ அங்கீகரித்த பள்ளியில். நேரில் போனால் ஐந்தாறு வாரம். பெரும்பகுதியை வீட்டிலிருந்து படித்துவிட்டுக் கடைசியில் சில நாள் மட்டும் நேரில் போகிற வகையும் உண்டு. படிப்பு முடிந்த 90 நாளுக்குள் செய்முறைத் தேர்வை எழுதிவிடுங்கள், தள்ளிப்போனால் பள்ளியில் மறுபடி மதிப்பாய்வுக்கு உட்கார வேண்டிவரும். விமானி, வானிலையாளர், ஏடிசி (வான் போக்குவரத்துக் கட்டுப்பாடு) போன்ற வேலைகளில் கடந்த மூன்று ஆண்டில் இரண்டு ஆண்டு இருந்தவர்களுக்குப் பள்ளி இல்லாத வழியும் இருக்கிறது. உங்களுக்கு அது பொருந்தாது.

என் யோசனை இது. இப்போதே ஏதாவது ஒரு விமான நிறுவனத்தில் க்ரூ ஷெட்யூலிங் (விமானக் குழுவுக்குப் பணி அட்டவணை போடுவது) அல்லது லோடு பிளானிங் (விமானத்தில் ஏறும் எடையைத் திட்டமிடுவது) வேலைக்குப் போங்கள். இருபத்திரண்டரை வயதில் பள்ளியில் சேருங்கள். இப்போதே படித்து முடித்துவிட்டு ஒன்றரை வருடம் சும்மா இருந்தால், நேர்முகத்துக்குப் போகும்போது பாதி மறந்திருக்கும்.

மருத்துவச் சான்று கிடையாது, கண்ணாடி ஒரு பிரச்சினையே இல்லை. போதைப்பொருள் சோதனை மட்டும் கட்டாயம், டிஸ்பாட்சர் பணி பாதுகாப்புப் பணி வரிசையில் வருவதால். மாநிலச் சட்டம் கஞ்சாவை அனுமதித்தாலும் இங்கே அது செல்லாது.

மேகமூட்டம்:

எழுத்துத் தேர்வு மனப்பாடத்தில்கூடத் தாண்டிவிடும். ஆட்கள் விழுவது செய்முறைத் தேர்வின் வாய்மொழிப் பகுதியில்தான். எதிரே எஃப்ஏஏ ஆய்வாளரோ, அவர்கள் நியமித்த தேர்வாளரோ இருப்பார். ஒரு பெரிய விமான வகையை வைத்துக்கொண்டு, பெரும்பாலும் 737, கையால் ஃப்ளைட் பிளான் போடச் சொல்லிவிட்டு ஒவ்வொரு வரிக்கும் "ஏன்?" என்பார்.

ஆல்டர்னேட் (இலக்கில் இறங்க முடியாவிட்டால் போகிற மாற்று விமான நிலையம்) விதியை எடுத்துக்கொள்ளுங்கள். உள்நாட்டுப் பயணத்தில், இறங்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னிருந்து ஒரு மணி பின்வரை மேக உயரம் 2000 அடிக்கும் பார்வைத் தூரம் 3 மைலுக்கும் குறையாமல் இருக்கும் என்று முன்னறிவிப்பு சொன்னால்தான் ஆல்டர்னேட் இல்லாமல் அனுப்பலாம். இதை எல்லாரும் ஒப்பித்துவிடுவார்கள். பிறகு ஒரு டாஃப் (விமான நிலைய வானிலை முன்னறிவிப்பு) தாளை நீட்டுவார். முதன்மை வரியில் மேகம் 4000 அடி, கீழே டெம்போ (தற்காலிக மாற்றம்) வரியில் 1500 அடி. முதன்மை வரியை மட்டும் பார்த்து "ஆல்டர்னேட் வேண்டாம்" என்றால் கதை முடிந்தது. டெம்போ, ப்ராப் (நடக்கும் வாய்ப்பை விழுக்காட்டில் சொல்வது) இரண்டையும் உறுதியான வானிலையாகவே எண்ண வேண்டும். எஃப்ஏஏ தரும் விதிவிலக்கு 3585 வைத்திருக்கும் நிறுவனங்கள் இந்த மாதிரி நிபந்தனை வரிகளில் கொஞ்சம் தளர்வு எடுக்கலாம், அதற்குக் கூடுதலாக இரண்டாவது ஆல்டர்னேட் வேண்டும். அடிப்படை விதி பிடிபட்ட பிறகு அதைப் படியுங்கள்.

இன்னொரு பள்ளம் ஆல்டர்னேட் மினிமம், அதாவது ஒரு நிலையத்தை ஆல்டர்னேட்டாக வைக்க அங்கே இருக்கவேண்டிய குறைந்தபட்ச மேக உயரமும் பார்வைத் தூரமும். அங்கே அணுகுமுறை (கருவிகளை நம்பி ரன்வேக்கு இறங்கும் வழி) ஒன்றுதான் என்றால் அதன் மினிமத்தோடு 400 அடியும் 1 மைலும் கூட்டுவோம். இரண்டு என்றால் அவற்றில் உயர்ந்த மினிமத்தோடு 200 அடியும் அரை மைலும். அந்த இரண்டும் வெவ்வேறு ரன்வேக்கு இருக்கவேண்டும். ஒரே ரன்வேயின் ஐஎல்எஸ் (தரைக் கருவி வழி), ஆர்என்ஏவி (செயற்கைக்கோள் வழி) அணுகுமுறைகளை இரண்டாக எண்ணித் தோற்றவர்கள் நிறைய. நோட்டாமில் (விமானிகளுக்கான எச்சரிக்கை அறிவிப்பு) அந்த ஐஎல்எஸ் வேலை செய்யவில்லை என்று போட்டிருக்கிறதா என்று பார்க்காமல் விடுபவர்கள் அதைவிட நிறைய.

இன்றே தொடங்க ஒரு பயிற்சி: தினமும் ஐந்து விமான நிலையங்களின் டாஃபை எடுத்து, ஒரு இறங்கும் நேரத்தை நீங்களே வைத்துக்கொண்டு, ஆல்டர்னேட் வேண்டுமா என்று காரணத்தோடு எழுதுங்கள். பிறகு அந்த நேரத்து மெட்டாரோடு (அப்போது நிஜமாக இருந்த வானிலைக் குறிப்பு) ஒப்பிடுங்கள்.

சிற்றலை:

ரொம்ப நன்றி. வேலைக்குப் போன பிறகு மேசையில் நிஜமாக எதில் மூளையைக் கசக்கவேண்டி வரும்? எரிபொருளை அதிகமாகப் போட்டுவிட்டால் பாதுகாப்புதானே?

கிழக்குமுனை:

எல்லாப் புதியவர்களும் கேட்கிற கேள்வி, கணக்கோடு பார்த்துவிடுவோம். எண்கள் உதாரணத்துக்கு. ஒரு இ175 (எம்ப்ரேயரின் சிறிய ஜெட் விமானம்), இலக்கு வரை எரிபொருள் 5,800 பவுண்டு, ஆல்டர்னேட்டுக்கு 1,900, சட்டப்படியான 45 நிமிட இருப்பு 2,900, வானில் வட்டமடிக்க 1,900, டாக்சிக்கு (தரையில் ரன்வே வரை ஓட) 400. மொத்தம் 12,900. டாங்கில் இடம் இருக்கிறது, கிளம்பவும் முடியும்.

ஆனால் டாக்சியும் பயணமும் போக, இறங்கும்போது 6,700 பவுண்டு மிச்சம் இருக்கும். பயணிகள், பெட்டிகளோடு எரிபொருள் இல்லாத எடை 69,000 என்றால் இறங்கும் எடை 75,700. இந்த விமானத்தின் இறங்கும் எடை வரம்பு 74,957. அதாவது 743 பவுண்டு அதிகம், நாலு பேரை இறக்கவேண்டும். அதற்கு முன், வானிலை தாங்கும் பக்கத்து ஊர் ஒன்றை ஆல்டர்னேட்டாக வைக்க முடியுமா என்று பாருங்கள். 1,900 என்பது 1,100 ஆனால் யாரையும் இறக்கவேண்டாம். வட்டமடிக்கும் எரிபொருளைக் குறைத்து எடையைச் சரிசெய்வது கடைசி வழி. இடிமழை வரிசை நெருங்கும் நாளில் அதில் கை வைக்கவே கூடாது.

காகிதத்தில் தெரியாத இன்னொன்று, சட்டம் கேப்டனையும் டிஸ்பாட்சரையும் சேர்த்தே பொறுப்பாக்குகிறது. புறப்படும் முன் திட்டமிடல், தாமதம், ரிலீஸ் மூன்றுக்கும் இருவர் பெயரும் உண்டு. கிளம்பிய பிறகும் விமானத்தைத் தொடர்ந்து பார்த்து, பாதுகாப்பைப் பாதிக்கும் எதையும் கேப்டனுக்குச் சொல்லியாகவேண்டும். வணிகப் பிரிவிலிருந்து யார் அழுத்தினாலும் "இந்த நிலையில் அனுப்பமாட்டேன்" என்று சொல்லும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. அதைச் சொல்லத் தயங்குகிறவருக்கு இந்த மேசை ஆகாது.

வடக்குவாடை:

வேலை தேடல் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் வேலை பெரும்பாலும் பிராந்திய நிறுவனத்தில்தான்: டல்லாஸ் பக்கம் இர்விங்கில் என்வாய், யூட்டாவின் செயின்ட் ஜார்ஜில் ஸ்கைவெஸ்ட், மினியாபோலிஸில் எண்டெவர். டிஸ்பாட்ச் அறை இருக்கும் ஊருக்கே குடிபெயர வேண்டும், வீட்டிலிருந்து செய்யும் வேலை இல்லை. சீனியாரிட்டிப்படி ஷிப்ட் என்பதால் தொடக்கத்தில் இரவும் பண்டிகை நாட்களும் உங்களுக்குத்தான். சட்டப்படி ஒரு ஷிப்ட் பத்து மணி நேரத்துக்கு மேல் போகாது, ஏழு நாளில் ஒரு முழு நாள் ஓய்வு உண்டு.

சேர்ந்ததும் அந்த நிறுவனத்தின் பயிற்சி, திறன் சோதனை, காக்பிட்டில் உட்கார்ந்து 5 மணி நேரம் கவனித்தல் எல்லாம் முடிந்த பிறகுதான் தனி மேசை. விண்ணப்பத்தில் முந்தைய வேலை, முகவரி விவரங்களில் இடைவெளி விடாதீர்கள். பாதுகாப்பு பேட்ஜுக்கான பின்னணி விசாரணையில் அதுதான் மாதக்கணக்கில் இழுக்கும். ஊர் மாறிய தேதிகளுக்கான ஆவணங்களை இப்போதே எடுத்து ஒரு கோப்பில் வையுங்கள்.