கலைச்சொல் விவாதம்: ‘ப்ளர்’ என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை குறைகள்?

மடல் 1

நண்பர்களுக்கு வணக்கம்.

முகப்படக் (போர்ட்ரெயிட்) கலைச் சொற்பட்டியலில் ‘ஷார்ப்னெஸ்’ என்பதற்குக் ‘கூர்மை’ என்று முடிவாகிவிட்டது. இடிப்பது அதன் எதிர்ப்பக்கம். படம் கூராக வராவிட்டால் தொழிலில் இருப்பவர்கள் ஒரே சொல்லோடு நிறுத்துவதில்லை. ஃபோகஸ் தவறினால் ‘அவுட்’, கேமரா ஆடினால் ‘ஷேக்’, லென்ஸே சுமாராக வரைந்தால் ‘சாஃப்ட்’. நம் பட்டியலில் இவை அத்தனையும் ‘ப்ளர்’ என்ற ஒரே சொல்லில் அடங்கி, அதற்கு நேரே ‘மங்கல்’ நிற்கிறது. ‘தெளிவின்மை’ என்று மாற்றலாம் என ஒரு யோசனை வந்தது. அது இன்னும் பொதுவாகிவிடும். மருந்து வேறுவேறாக இருக்கும்போது நோய்க்கு ஒரே பெயர் வைத்தால், ஷட்டரைத் திருத்த வேண்டிய மாணவர் அபெர்ச்சரை (லென்ஸ் திறப்பை) திருகிக்கொண்டிருப்பார்.

என் கைவசம் உள்ளவை: குவிய மங்கல், கை மங்கல், அசைவு மங்கல். எனக்கே நிறைவில்லை. சொல்லுங்கள்.

மடல் 2

> கை மங்கல்

இது வேண்டாம். கேமராவைக் கையில் பிடிக்காதபோதும் இந்தக் குறை வரும். ட்ரைபாடின் நடுத்தண்டை முழுக்க உயர்த்தி வைத்து, பட்டனை விரலால் அழுத்தினாலே கேமரா அதிரும். 2 வினாடி டைமரோ ரிமோட்டோ இருந்தால்தான் அது அடங்கும்.

பெயர் வைக்குமுன் இந்தக் குறைகளைப் படத்திலேயே எப்படிப் பிரித்தறிகிறோம் என்று பார்த்துவிடுவோம். பெயர் அங்கிருந்து பிறப்பது நல்லது. படத்தை 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கிக் கருவிழியில் விழுந்திருக்கும் சின்ன ஒளிப்புள்ளியைப் பாருங்கள். ஃபோகஸ் தவறியிருந்தால் புள்ளி எல்லாப் பக்கமும் ஒரேபோல் உப்பியிருக்கும். கேமரா ஆடியிருந்தால் ஒரு திசையில் நீண்டு, காற்புள்ளி போல வால் விட்டிருக்கும். அதே திசையில், ஏறக்குறைய அதே நீள வால் காதுத் தோட்டின் மினுக்கத்திலும் சட்டைப் பொத்தானிலும் தெரியும். ஆள் அசைந்திருந்தால் கண்ணில் வால் உண்டு. அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் விளிம்பில் இருக்காது.

இன்னொரு தடயம். ஃபோகஸ் தவறிய படத்தில் பெரும்பாலும் வேறெங்காவது ஒன்று கூராக இருக்கும்: காதோர முடி, மூக்கு நுனி, காலரின் தையல். கேமரா ஆடிய படத்தில் எதுவுமே கூராக இராது.

கேமரா ஆட்டத்தையும் ஆள் அசைவையும் ஒன்றாகப் போடக்கூடாது என்பதற்குக் கணக்கே சாட்சி. 85 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் சென்சார், ஆள் 2 மீட்டரில். தலை வினாடிக்கு 5 செ.மீ. வேகத்தில் பக்கவாட்டில் திரும்புகிறது. பேசிக்கொண்டிருப்பவருக்கு இது சாதாரணம். 1/60 வினாடியில் அந்த அசைவு சென்சாரில் ஏறத்தாழ 6 பிக்சல் நீளம் இழுபடும். 1/250இல் ஒன்றரை பிக்சல்தான். லென்ஸிலோ கேமரா உடலிலோ உள்ள ஸ்டெபிலைசர் 1/60இல் கேமரா ஆட்டத்தை அடக்கிவிடும், இந்த 6 பிக்சலை ஒன்றும் செய்யாது. “ஸ்டெபிலைசர் போட்டும் ஷேக் வருகிறது” என்று கேட்பவர்கள் அநேகமாக ஆள் அசைவைத்தான் ஷேக் என்கிறார்கள். சொல் பிரிந்திருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

மடல் 3

காற்புள்ளி வால் என்று எழுதியதைப் படித்ததும் ஒரு சொல் தோன்றியது: தீற்றல். கண்ணுக்கு மை தீற்றுவது, சுவரில் சுண்ணாம்பைத் தீற்றுவது என்று புழங்குகிற வினைதான். ஒரு பொருள் ஒரு திசையில் இழுபட்டுப் படிவதைத் தீற்றல் அப்படியே காட்டுகிறது. திசை உள்ள குறைகள் இரண்டுக்கும் இதை வைத்து, காரணத்தை முன்னால் ஒட்டலாம்: கேமரா ஆடினால் நடுக்கத் தீற்றல், ஆள் அசைந்தால் அசைவுத் தீற்றல். அளவையும் சேர்த்துச் சொல்ல முடியும்: “6 பிக்சல் அசைவுத் தீற்றல்.” மங்கலை அப்படி அளந்து சொன்னால் காதில் ஒட்டாது.

ஃபோகஸ் தவறுவதற்குக் குவியப் பிசகு. கணக்குப் பிசகியது, வழி பிசகியது என்கிறோம். சேரவேண்டிய இடம் தப்புவதுதான் பிசகு. பள்ளிப் பாடநூலில் ‘குவியம்’ ஏற்கெனவே இருப்பதால் முன்பாதியைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. இதிலிருந்து இன்னும் இரண்டு சொற்கள் கிடைக்கின்றன. கண்ணுக்கு வைத்த ஃபோகஸ் மூக்கில் விழுந்தால் முன்பிசகு, காதில் விழுந்தால் பின்பிசகு.

மடல் 4

முன்பிசகு, பின்பிசகு இரண்டையும் இப்போதே எடுத்துக்கொள்கிறேன். உள்ளே கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் கேமரா வைத்திருப்பவர்களுக்கு இவை அன்றாடம் வேண்டிய சொற்கள். அதில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனி, படம் பதியும் சென்சார் தனி. இரண்டுக்கும் இடையே சிறு விலகல் இருந்தாலும் ஒவ்வொரு படமும் ஒரே பக்கம் பிசகும். சோதிக்க: கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, கேமராவுக்கு நேரே ஓர் அட்டையும் அதன் பக்கத்தில் 45 பாகை சாய்த்து ஒரு ஸ்கேலும் வையுங்கள். லென்ஸை முழுத் திறப்பில் வைத்து அட்டைக்கு ஃபோகஸ் செய்து 10 படம் எடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முன் ஃபோகஸ் வளையத்தை ஓரத்துக்குத் திருப்பிவிட வேண்டும். இல்லாவிட்டால் லென்ஸ் இருந்த இடத்திலேயே நின்றுகொண்டு பொய் சொல்லும். பத்தும் ஒரே பக்கம் விலகினால் கேமராவின் நுண்திருத்தத்தில் சரிசெய்யலாம். முன்னும் பின்னுமாகச் சிதறினால் அந்தத் திருத்தத்தைத் தொடாதீர்கள். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் படம் பதியும் சென்சாரே ஃபோகஸையும் பார்ப்பதால் இந்த நிலையான பிசகுக்கு இடம் மிகக் குறைவு.

ஆனால் ஒரு மறுப்பு. முகத்துக்குப் பின்னால் கரைந்து நிற்கும் பின்னணியும் குவியத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அதைப் பிசகு என்று யாராவது எழுதிவிட்டால் தப்பு. வேண்டித் தவிர்த்தது பிசகாகாது என்று விளக்கத்தில் ஒரு வரி போடுங்கள்.

இதோடு ஒட்டியதுதான் ‘டெப்த் ஆஃப் ஃபீல்ட்’, அதாவது ஃபோகஸ் வைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும் தூரம். பட்டியலில் உள்ள ‘புல ஆழம்’ எனக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மின்புலம், காந்தப்புலம் என்று மனம் எங்கோ போகிறது. ‘தெளிவாழம்’ என்று மாற்றக் கோருகிறேன். ‘கூர்மை ஆழம்’ என்று கேட்காததற்குக் காரணம் உண்டு. வழக்கமான அட்டவணைகள் 0.03 மி.மீ. மங்கல் வட்டத்தை (ஒரு புள்ளி சென்சாரில் வட்டமாக உப்பும் அளவை) எல்லையாக வைக்கின்றன. மேலே சொன்ன சென்சாரில் அது 5 பிக்சல். அதாவது எல்லைக்கோட்டில் விழும் கண், ஏற்கத்தக்க அளவு தெளிவாக இருக்கும், கூராக இராது.

எண்ணோடு பார்த்தால் இந்தச் சொல்லின் தேவை புரியும் (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் திறப்பு பெரிது). 85 மி.மீ., 2 மீட்டர்: எஃப் 1.4இல் தெளிவாழம் மொத்தமே சுமார் 4.5 செ.மீ.; எஃப் 2.8இல் 9, எஃப் 4இல் 13. இந்தத் தூரத்தில் முன்பாதியும் பின்பாதியும் ஏறக்குறைய சமம். இப்போது ஆள் முகத்தை 45 பாகை திருப்புகிறார். இரு கண்களுக்கு இடையே 6.3 செ.மீ. என்றால் தொலைக்கண் 4.4 செ.மீ. பின்னே போய்விடும். அருகுக் கண்ணில் ஃபோகஸ் வைத்து எஃப் 1.4இல் எடுத்தால் தொலைக்கண் வெளியே. எஃப் 2.8இல் எல்லைக்கோட்டில் தொற்றிக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணும் வேண்டுமானால் எஃப் 4. அருகுக் கண் மட்டும் போதும் என்பதும் அழகான முடிவுதான், தெரிந்து எடுத்தால்.

மடல் 5

> பிசகு

ஏற்கிறேன். பிசகுக்கான காரணங்களையும் விளக்கத்தில் சேருங்கள், ஏனென்றால் பழி தவறான இடத்தில் விழுகிறது. நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பூட்டிவிட்டு, கேமராவைத் திருப்பிப் படச் சட்டகத்தை மாற்றுவதுதான் குற்றவாளி என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 85 மி.மீ. லென்ஸில் 6 பாகை திருப்பினால் 2 மீட்டரில் வரும் பின்பிசகு 1.1 செ.மீ.தான். 35 மி.மீ. லென்ஸில் 15 பாகை திருப்பினால் அதுவே 6.8 செ.மீ.; அங்கே கவலைப்படலாம். முகப்பட லென்ஸில் பெரிய எதிரி, பூட்டியதற்கும் அழுத்தியதற்கும் நடுவே எடுப்பவரும் ஆளும் முன்பின் ஆடுவது. நிற்பவர் உடல் தன்னையறியாமல் ஓரிரு செ.மீ. ஆடும். எஃப் 1.4இல் நம்மிடம் உள்ளதே முன்னும் பின்னும் இரண்டேகால் செ.மீ.தான். ஆகவே தொடர் ஃபோகஸ் (ஆள் நகர நகரக் கேமராவே ஃபோகஸைத் திருத்திக்கொண்டிருப்பது), கண்ணைப் பின்தொடரும் வசதி இருந்தால் அது, மூன்று நான்கு படங்கள் அடுத்தடுத்து.

மூக்குக்கண்ணாடி இன்னொரு பொறி. சட்டம் கருவிழிக்கு 12 முதல் 14 மி.மீ. முன்னே இருக்கிறது, ஃபோகஸ் அதன் கறுப்பு விளிம்பில் ஒட்டிக்கொள்ளும். 1.2 மீட்டரில் எஃப் 1.4இன் தெளிவாழம் 1.7 செ.மீ.க்கும் குறைவு, சட்டம் கூர், கண் முன்பிசகு.

கலப்பு வகை ஒன்றுக்கும் இடம் வையுங்கள். அறை வெளிச்சத்தோடு ஃப்ளாஷும் சேர்த்து 1/60இல் எடுத்தால், ஃப்ளாஷ் மின்னிய கணம் கூராகப் பதியும், மீதி வெளிச்சம் அதன் மேல் ஒரு தீற்றலைப் பூசும். கன்னத்தின் ஓரத்தில் மெல்லிய இரண்டாம் கோடு தெரிவது அதனால்தான். அறை வெளிச்சத்தை 4, 5 ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பும் வெளிச்சத்தைப் பாதியாக்கும்) கீழே இறக்கினால் தீற்றல் மறையும். இதற்குத் தனிச்சொல் தேவையில்லை. அசைவுத் தீற்றலே போதும்.

‘சாஃப்ட்’டுக்கு ‘மென்மை’ என்று மட்டும் வைத்துவிடாதீர்கள். மென்னொளி என்பது நாம் விரும்பித் தேடும் ஒன்று, பக்கத்துப் பக்கத்தில் இரண்டும் வந்தால் குழம்பும். கூர்மைக்கு நேர் எதிராக நம்மிடம் ‘மழுங்கல்’ இருக்கிறதே. முழுத் திறப்பில் லென்ஸின் பிறழ்ச்சி, எஃப் 16க்கு மேல் மூடும்போது ஒளியின் விளிம்பு விளைவு (சிறு திறப்பில் நுழையும் ஒளி பரவுவது), முன்கண்ணாடியில் விரல் ரேகை: மூன்றிலும் விளிம்பு இருக்கும் இடத்தில் இருக்கும், முனை மட்டும் போயிருக்கும். மென்பொருளில் கூராக்குவது ஓரளவு கைகொடுப்பது மழுங்கலுக்கு மட்டுமே. தீற்றலைக் கூராக்கினால் இமைமயிர் இரட்டைக் கோடாகும். பிசகைக் கூராக்கினால் தோலின் துளைகள்தான் எழும்பி வரும், கண் வராது.

மடல் 6

அனைவருக்கும் நன்றி. பட்டியலில் இப்படித் திருத்துகிறேன்.

மங்கல்: பொதுப்பெயர், காரணம் தெரியாதபோது மட்டும்.
குவியப் பிசகு (முன்பிசகு, பின்பிசகு): வேண்டிய இடம் தெளிவாழத்துக்கு வெளியே விழுவது. வேண்டிக் கரைத்த பின்னணி இதில் சேராது.
நடுக்கத் தீற்றல்: கேமரா ஆட்டத்தால், படம் முழுக்க ஒரே திசை.
அசைவுத் தீற்றல்: ஆள் அசைவால், அசைந்த பகுதியில் மட்டும். ஸ்டெபிலைசர் தீர்க்காது.
மழுங்கல்: லென்ஸாலோ அழுக்காலோ முனை போவது.
தெளிவாழம்: ‘புல ஆழம்’ நீக்கப்படுகிறது.

ஒன்று மட்டும் நிலுவை. கருவிழியின் அந்த ஒளிப்புள்ளிக்கு இன்னும் பெயரில்லை. ‘கண்மினுக்கு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். இதைவிடச் சுருக்கமாக, ‘கண்ணடிப்பது’ என்ற பொருள் ஏறாமல் ஒன்று கிடைத்தால் அனுப்புங்கள்.