ஆஸ்டியோபதிக்குத் தமிழ்ச்சொல்: வெள்ளிக்குள் வேண்டும்

கீழக்கரையிலிருந்து:
இங்கிலாந்தில் பிள்ளைகளோடு இருக்கும் நம்மூர்ப் பெரியவர்களுக்காக ஒரு நோயாளர் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, தலைப்பிலேயே நிற்கிறேன். தசையைக் கையால் நீவி, இழுத்து, மூட்டுகளை அசைத்து வலியைக் குறைக்கப் பார்க்கும் முறை இது. முதலில் 'எலும்பு மருத்துவம்' என்று எழுதி உம்மாவிடம் படித்துக் காட்டினேன். "கால் ஒடிஞ்சா போற இடமா?" என்றார். அடித்துவிட்டேன்.

தொண்டியிலிருந்து:
உம்மா கேட்டது சரி, காக்கா. எலும்பியல் என்பது எலும்பு முறிவு பார்க்கும் வேறு துறைக்கு நிலைத்துவிட்டது. 'என்புநீவியல்' என்று வையுங்கள். "என்புதோல் போர்த்த உடம்பு" பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். 1874இல் அமெரிக்காவில் இதைத் தொடங்கிய ஆன்ட்ரூ டெய்லர் ஸ்டில்லும் எலும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லில்தான் பெயர் வைத்தார். பின்னால் வரும் 'பதி' துன்பம், நோய் என்னும் கிரேக்கச் சொல்; திருப்பதியின் பதி அன்று. என்பு எற்பு என்றும் திரியும், எற்புச்சட்டகம் என்பதுபோல. அப்படிப் பார்த்தால் 'எற்புநீவம்' இன்னும் செறிவு.

தங்கச்சிமடத்திலிருந்து:
ஐயா, எங்கள் கடற்கரையில் கரைவலை இழுத்து இடுப்புப் பிடித்தவர் யாரும் 'என்பு வலிக்குது' என்றதில்லை. அப்பா அப்படி வந்து குப்புறப் படுத்தால், அப்பத்தா நல்லெண்ணெயைச் சூடாக்கி, தண்டுவடத்துக்கு இரண்டு பக்கமும் கட்டைவிரலை வைத்து மேலிருந்து கீழே இறக்குவார். அதற்குப் பெயர் நீவுதல். 'நீவு மருத்துவம்' போதும்.

ராமேசுவரத்திலிருந்து:
அங்கேதான் குழப்பம், தம்பி. நீவு என்றதும் சுளுக்கு வழிப்பது, சித்த மருத்துவத்தில் வரும் தொக்கணம், வர்மம் எல்லாம் நினைவுக்கு வரும். அவை வேறு மரபு. இன்னொன்று: பிரிட்டனில் 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்றவர் மட்டுமே ஆஸ்டியோபத் என்று பெயர்ப்பலகை வைக்கலாம். அந்த ஒலி தெரியாவிட்டால் பெரியவர் சரியான ஆளை எப்படிக் கண்டுபிடிப்பார்? ஓமியோபதியை அப்படியேதானே எடுத்துக்கொண்டோம்?

கீழக்கரையிலிருந்து:
பலகை விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி அண்ணே. உள்ளே இப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள்: "முதல் நாள் உங்கள் நோய் வரலாற்றைக் கேட்பார். நிற்க, குனிய, திரும்பச் சொல்வார். சில உடைகளைக் களையச் சொல்லலாம். துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். மூட்டில் சொடக்கு விழுவதுபோல் சத்தம் வரலாம். ஒன்றிரண்டு நாள் உடம்பு வலிக்கலாம். எலும்பு வலுவிழக்கும் எலும்புப்புரை இருந்தாலோ, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதுகுவலியோடு கால் மரத்து, சிறுநீர் அடங்காமல் போனால் இவரிடம் போகாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள்." இடுப்புவலிக்குப் பலன் உண்டு, ஆஸ்துமா போன்றவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்பதையும் சேர்த்துவிட்டேன். உம்மாவுக்கு எல்லாம் புரிந்தது. தலைப்பு மட்டும்தான் பாக்கி.

தங்கச்சிமடத்திலிருந்து:
அப்படியானால் 'ஆஸ்டியோபதி' என்று பெரிதாகவும், கீழே 'கைநீவு மருத்துவம்' என்றும் போடுங்கள்.

ராமேசுவரத்திலிருந்து:
சரி.

கீழக்கரையிலிருந்து:
எனக்கும் சரி. இன்று இரவே அனுப்பிவிடுகிறேன்.

தொண்டியிலிருந்து:
அனுப்புங்கள் காக்கா, தடுக்கவில்லை. ஆனால் கைநீவில் எலும்பே காணோம். அடுத்த பதிப்புக்குள் 'எற்புநீவம்' பற்றி விரிவாக எழுதுகிறேன்.