52 போர்ட் சுவிட்ச் 80 என்று காட்டுகிறது. அவசரம், யாராவது உதவுங்கள்

தூங்காத சர்வர் (மாலை 4.12)
வணக்கம். எங்கள் அலுவலகத்தில் மூன்று கம்பெனிகளின் நெட்வொர்க் சாதனங்கள் இருக்கின்றன. டெண்டரில் யார் விலை குறைத்தார்களோ அவர்களிடம் வாங்கியதால் வந்த வினை. எல்லாவற்றையும் ஒரே திரையில் பார்க்க நானே ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கிளாஸ், அதாவது அந்தச் சாதனத்துக்கான அச்சு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இன்று பார்த்தால் 48+4 போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள நெட்வொர்க் சுவிட்சுக்கு 80 போர்ட் என்று காட்டுகிறது. நாளைக் காலை 10 மணிக்கு மேலதிகாரியிடம் காட்ட வேண்டும். என்ன காரணமாக இருக்கும்?

கீதா_நெட் (4.20)
எந்த மொழியில் எழுதியிருக்கிறீர்கள்? சாதனத்தோடு எப்படிப் பேசுகிறீர்கள், எஸ்எஸ்எச்சில் உள்ளே நுழைந்து கட்டளை கொடுத்தா, எஸ்என்எம்பியில் ஒவ்வொரு விவரத்தையும் அதன் எண்ணைச் சொல்லிக் கேட்டா? எந்த மாடல்? மற்ற இரண்டு சாதனங்களுக்கு எண்ணிக்கை சரியாக வருகிறதா?

லூப்பேக் (4.23)
இது விலான் வேலை, அதாவது ஒரே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்குகள். இன்டர்ஃபேஸ் அட்டவணையில் நிஜப் போர்ட்டுகள் மட்டும் இருக்காது. விலான் இன்டர்ஃபேஸ், சாதனம் தனக்குத்தானே பேசும் லூப்பேக், பல போர்ட்டை ஒன்றாகக் கட்டிய லேக் எல்லாம் வரிசையில் நிற்கும். ஐஎஃப்டைப் (இன்டர்ஃபேஸின் வகை எண்) 6 என்று வருவதை மட்டும் எண்ணுங்கள், அதுதான் ஈதர்நெட். வகை எண் 24 என்றால் லூப்பேக், 161 லேக், 136 விலான். உங்களுக்கு 28 விலான் இருக்கிறது, பந்தயம்.

தூங்காத சர்வர் (4.31)
பைத்தான்.

அரைவட்டம் (4.33)
கேட்டது நாலு கேள்வி, வந்தது ஒரு சொல்.

மின்கம்பி (4.36)
ஸ்டாக் பண்ணி, அதாவது இரண்டு சுவிட்சை ஒன்றாக இணைத்து வைத்திருக்கிறீர்களா? 52-உம் 28-உம் சேர்ந்தால் 80. பக்கத்தில் 28 போர்ட் சுவிட்ச் ஒன்று ஸ்டாக் கேபிளில் தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள்.

தூங்காத சர்வர் (4.44)
ஸ்டாக் இல்லை. விலான் மொத்தம் ஆறுதான், அதுவும் ஐஎஃப்டைப் 6 மட்டும்தான் எடுக்கிறேன். எஸ்என்எம்பிதான், மூன்றுக்கும். அவசரம் நண்பர்களே.

பழைய கேபிள் (4.58)
தம்பி, டாக்டருக்கு போன் போட்டு "உடம்பு சரியில்லை, மாத்திரை சொல்லுங்கள்" என்று கேட்பது போல இருக்கிறது உங்கள் கேள்வி. 20 வருடமாக இதே துறையில் இருக்கிறேன். உங்கள் கிளாஸையெல்லாம் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, டெர்மினலில் எஸ்என்எம்பிவாக் கட்டளையை ஓட்டி, ஐஎஃப்டைப் பட்டியலின் எண்ணான 1.3.6.1.2.1.2.2.1.3-ஐக் கேளுங்கள். எத்தனை 6 வருகிறது என்று எண்ணுங்கள். இதை முதலில் செய்யாமல் கேள்வி போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அலுப்பாக இருக்கிறது.

தூங்காத சர்வர் (5.09)
ஓட்டினேன் சார். 52 வருகிறது.

பழைய கேபிள் (5.11)
அப்புறம் என்ன? சாதனம் உண்மையைச் சொல்கிறது. பொய் சொல்வது உங்கள் புரோகிராம்.

மின்கம்பி (5.14)
அப்படியென்றால் த்ரெட் பிரச்சினைதான். மூன்று சாதனத்தையும் ஒரே நேரத்தில் கேட்கிறீர்கள், பதில்கள் ஒன்றோடொன்று கலக்கின்றன. ஒன்று முடியும்வரை மற்றது நிற்க ஒரு லாக் போடுங்கள்.

தூங்காத சர்வர் (5.20)
த்ரெட் இல்லை. ஒரு ஃபார் லூப்தான், ஒன்றன்பின் ஒன்றாக.

கீதா_நெட் (5.22)
மற்ற இரண்டின் எண்ணிக்கையை நீங்கள் இன்னும் சொல்லவே இல்லை. அதுவும் கிளாஸ் கோடும் வேண்டும், அவை இல்லாமல் எல்லாரும் ஜோசியம்தான் சொல்ல முடியும்.

தூங்காத சர்வர் (5.41)
மேனேஜ்மென்ட் நெட்வொர்க்கில் இன்டர்நெட் கிடையாது, அதனால் காப்பி பேஸ்ட் முடியாது. மொபைலில் தட்டுகிறேன். விசைப்பலகை தமிழில் இருக்கிறது, மாற்றப் பொறுமை இல்லை, அப்படியே படித்துக்கொள்ளுங்கள்.

கிளாஸ் சாதனம்:
    போர்ட்கள் = []
    டெஃப் இனிட்(செல்ஃப், ஐபி):
        செல்ஃப்.ஐபி = ஐபி
    டெஃப் போர்ட்_எடு(செல்ஃப்):
        (ஒவ்வொரு வரிசைக்கும்) செல்ஃப்.போர்ட்கள்.அப்பென்ட்(பெயர்)

கிளாஸ் சிஸ்கோ(சாதனம்), கிளாஸ் ஹுவாவே(சாதனம்), கிளாஸ் மைக்ரோடிக்(சாதனம்) மூன்றும் இதிலிருந்து வருகின்றன. முதல் சாதனம் சரியாக 28. இரண்டாவது 80. மூன்றாவது 10 போர்ட் ரௌட்டர், அது 90. இன்னொன்று, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் கூடிக்கொண்டே போகும், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி வந்துவிடும். அது வேறு பிரச்சினை என்று நினைத்துச் சொல்லவில்லை.

அரைவட்டம் (5.43)
அது வேறு பிரச்சினையாம்!

லூப்பேக் (5.45)
பந்தயத்தில் தோற்றேன்.

கீதா_நெட் (5.52)
28. 28+52=80. 80+10=90. ஐந்து நிமிடம் கழித்து முதல் சாதனம் 118 காட்டியிருக்குமே? சந்தேகமிருந்தால் வரிசையைத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். ரௌட்டர் முதலில் வந்தால் 10, 62, 90 என்று வரும்.

கோளாறு உங்கள் இரண்டாவது வரியில் இருக்கிறது. கிளாஸ் உடம்பில் நேரடியாக எழுதிய லிஸ்ட் தெருக்குழாய் மாதிரி, மூன்று வீட்டுக்கும் அது ஒன்றுதான். "செல்ஃப்.போர்ட்கள்" என்று நீங்கள் எழுதினாலும், அந்த ஆப்ஜெக்டில் (கிளாஸ் அச்சில் வார்த்த ஒவ்வொரு சாதனமும் ஒரு ஆப்ஜெக்ட், செல்ஃப் என்பது அதுதான்) அப்படி ஒரு பெயர் இல்லையென்றால் பைத்தான் கிளாஸுக்குப் போய்த் தேடும், அங்கேயும் இல்லையென்றால் தாய் கிளாஸுக்குப் போகும். அங்கே கிடைத்த லிஸ்டில்தான் அப்பென்ட் சேர்க்கிறது. ஆப்ஜெக்ட் பிறக்கும்போது ஓடும் இனிட்டுக்குள் செல்ஃப்.ஐபிக்கு = போட்டிருக்கிறீர்கள், அதனால் அது மட்டும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனியாக இருக்கிறது. ஜாவாவிலிருந்து வந்தவரா நீங்கள்? அங்கே ஸ்டாடிக் என்று எழுதினால்தான் இப்படிப் பொதுவாகும்.

அந்த இரண்டாவது வரியை எடுத்துவிட்டு, இனிட்டுக்குள் செல்ஃப்.போர்ட்கள் = [] என்று போடுங்கள். அது போதாது. ஒரே ஆப்ஜெக்டை வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டால் அடுத்த சுற்றில் 56, 104, 20 ஆகிவிடும். போர்ட்_எடு மெத்தடுக்குள்ளேயே புதிய லிஸ்ட் தொடங்கி, நிரப்பி, கடைசியில் மொத்தமாக வையுங்கள்.

பழைய கேபிள் (6.05)
நான் கேட்பது வேறு. இன்டர்ஃபேஸ் அட்டவணை எல்லாக் கம்பெனிக்கும் ஒரே மாதிரிதான். போர்ட் எண்ண மூன்று கிளாஸ் எதற்கு? டெர்மினல் கட்டளைகளை அடுக்கி இருபது வரி ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினால் போதும். ஆப்ஜெக்ட் என்ற சொல்லைக் கேட்டாலே இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மயக்கம்.

லூப்பேக் (6.11)
போர்ட் எண்ணக் கிளாஸ் வேண்டாம்தான். கான்ஃபிக் (சாதனத்தின் அமைப்புகள்) பேக்கப் எடுக்க? சிஸ்கோவில் ஷோ ரன்னிங்-கான்ஃபிக், ஹுவாவேயில் டிஸ்ப்ளே கரண்ட்-கான்ஃபிகரேஷன், மைக்ரோடிக்கில் எக்ஸ்போர்ட். பக்கம் பக்கமாக நிற்காமல் இருக்க ஒன்றில் டெர்மினல் லெங்த் 0, இன்னொன்றில் ஸ்கிரீன்-லெங்த் 0 டெம்பரரி. மேக் முகவரியைக்கூட (சாதனத்தின் வன்பொருள் எண்) ஒருவர் புள்ளி வைத்து எழுதுகிறார், ஒருவர் கோடு போட்டு எழுதுகிறார். "பேக்கப்_எடு" என்று ஒரே பெயரில் கூப்பிட்டுவிட்டு, உள்ளே அவரவர் பாஷையில் பேசட்டும் என்று விடுவதற்குத்தான் கிளாஸ். உங்கள் ஷெல் ஸ்கிரிப்டில் அதுவே 40 இஃப்-எல்ஸ் ஆகும்.

பழைய கேபிள் (6.24)
நெட்வொர்க் மேலாண்மையில் நிஜமான ஆப்ஜெக்டை நாங்கள் பார்த்துவிட்டோம் தம்பி. எஸ்என்எம்பிக்குப் போட்டியாக இருந்த சிஎம்ஐபி கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அதில் ஜிடிஎம்ஓ என்று ஒரு மொழி. கிளாஸ், தாய் கிளாஸிலிருந்து பெறும் இன்ஹெரிட்டன்ஸ், சாதனத்துக்குள் ஓடும் ஆக்‌ஷன், எல்லாம் இருந்தது. டெலிகாம் கம்பெனிகள் தலையில் வைத்துக் கொண்டாடின. 1988-இல் தற்காலிக ஏற்பாடு என்று வந்த எஸ்என்எம்பி அதை ஓரங்கட்டிவிட்டது. காரணம், எளிமை. எஸ்என்எம்பியிலும் "மேனேஜ்டு ஆப்ஜெக்ட்" என்பார்கள், ஆனால் அது பெயருக்குத்தான். அங்கே கிளாஸும் கிடையாது, மெத்தடும் கிடையாது. எண் போட்ட ஒரு மாறி, அவ்வளவுதான்.

லூப்பேக் (6.33)
அந்த எளிமையை வைத்து யார் கான்ஃபிக் செய்தார்கள்? கண்காணிக்க மட்டும்தான் பயன்பட்டது. 2002-இல் ஐஏபி (இன்டர்நெட் கட்டமைப்பை மேற்பார்க்கும் குழு) கூட்டிய பட்டறையில் ஆபரேட்டர்கள் இதைத்தான் புலம்பினார்கள், அதன் அறிக்கையான ஆர்எஃப்சி 3535-இல் அப்படியே பதிவாகியிருக்கிறது. அதன் பிறகுதான் கான்ஃபிக் செய்வதற்கென்றே 2006-இல் நெட்கான்ஃப், அதற்கு மாடல் எழுத 2010-இல் யாங் மொழி.

பழைய கேபிள் (6.40)
யாங் வந்து என்ன ஆயிற்று? ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஒரு மாடல் எழுதி வைத்திருக்கிறது. அப்புறம் அவற்றையெல்லாம் சேர்க்க ஓபன்கான்ஃபிக். பழைய கள், புதிய மொந்தை.

லூப்பேக் (6.44)
கள் பழையதாக இருக்கலாம். கமிட் கன்ஃபர்ம்டு உங்கள் எஸ்என்எம்பியில் உண்டா? பாதியில் லிங்க் போனால் பழைய கான்ஃபிகுக்குத் தானாகத் திரும்புமா?

அரைவட்டம் (6.47)
கேள்வி கேட்டவர் எங்கே போனார் என்று யாராவது பார்த்தீர்களா?

தூங்காத சர்வர் (7.02)
வரிசையைத் திருப்பினேன், 10, 62, 90. கீதா அக்கா சொன்னது அப்படியே வந்தது. ஆனால் இனிட்டை மாற்றியதும் மைக்ரோடிக் மட்டும் விழுகிறது. போர்ட்கள் என்ற ஆட்ரிபியூட்டே இல்லை என்கிறது. மற்ற இரண்டும் சரி. மெத்தடை இன்னும் தொடவில்லை.

மின்கம்பி (7.04)
லைப்ரரி பழையதாக இருக்கும், அப்டேட் செய்யுங்கள்.

கீதா_நெட் (7.10)
அப்டேட் எல்லாம் வேண்டாம். மைக்ரோடிக் கிளாஸில் மட்டும் தனியாக ஒரு இனிட் எழுதியிருப்பீர்கள். அதற்குள் தாய் கிளாஸை அழைக்கும் சூப்பரைக் கூப்பிடவில்லை. அதனால் தாய் கிளாஸின் இனிட் ஓடவே இல்லை, லிஸ்டும் பிறக்கவில்லை. இதுவரை தெருக்குழாயில் பிடித்து ஓட்டியதால் வெளியே தெரியாமல் இருந்தது.

தூங்காத சர்வர் (7.15)
ஆமாம்! எஸ்என்எம்பிக்குப் பதில் மைக்ரோடிக்கின் சொந்த ஏபிஐ வழியாக (டிசிபி 8728) பேசலாம் என்று அதற்கு மட்டும் தனி இனிட் எழுதினேன். அப்புறம் எஸ்என்எம்பிக்கே திரும்பிவிட்டேன், அந்த இனிட்டை எடுக்க மறந்துவிட்டேன்.

கீதா_நெட் (7.26)
அதைத்தான் முதலில் எடுங்கள். நேரம் இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். எந்தக் கம்பெனி என்று இப்போது எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? ஐபி பட்டியலில் கையால் எழுதி வைத்திருந்தால், 1.3.6.1.2.1.1.2.0-ஐக் கேளுங்கள், சாதனமே சொல்லிவிடும். பதிலில் 1.3.6.1.4.1-க்கு அடுத்த எண் கம்பெனியுடையது: 9 சிஸ்கோ, 2011 ஹுவாவே, 14988 மைக்ரோடிக். அந்த எண்ணுக்கு எந்தக் கிளாஸ் என்று ஒரு டிக்‌ஷனரி வைத்தால் போதும். அடுத்த டெண்டரில் ஜூனிப்பர் வந்தால் 2636 என்று ஒரு வரி, அதற்கு ஒரு கிளாஸ், மற்ற எதையும் தொட வேண்டாம்.

பழைய கேபிள் (7.31)
இதையெல்லாம் முன்பு அவ்க் என்ற பழைய கருவியில் ஒரே வரியில் எழுதுவோம்.

அரைவட்டம் (7.32)
அந்த ஒரு வரியை இங்கே போடுங்களேன், படிக்க முடிகிறதா பார்ப்போம்.

தூங்காத சர்வர் (இரவு 9.38)
28, 52, 10. அரை மணி நேரமாக ஓடுகிறது, கூடவில்லை. நன்றி அக்கா. பஸ் வந்துவிட்டது.

கீதா_நெட் (9.50)
மகிழ்ச்சி. சிபியூ, வெப்பநிலை இவற்றுக்கும் இதே மாதிரி கிளாஸ் உடம்பில் லிஸ்ட் வைத்திருந்தால் காலையில் காட்டுவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கீதா_நெட் (மறுநாள் பிற்பகல் 1.15)
காட்டினீர்களா? என்ன சொன்னார்கள்?

பழைய கேபிள் (1.40)
யாங் வந்து என்ன ஆயிற்று என்று நேற்று 6.40-க்குக் கேட்டேன். லூப்பேக் இன்னும் பதில் சொல்லவில்லை.