இந்தக் கோயில் எந்த ஊரில் இருந்தது? – நடைப்பயணங்களில் எதிர்ப்பட்ட கேள்விகள்

திருவல்லிக்கேணி உறுப்பினர்:

நம் வரலாற்று வட்டத்தின் ஆகஸ்ட் மாத நடைப்பயணங்கள் இந்த ஆண்டு புனித ஜார்ஜ் கோட்டையில் தொடங்காமல் அங்கே முடிவதைக் கண்டு சிலர் காரணம் கேட்டிருந்தீர்கள். சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்த ஒரு சிறு சந்திப்பிலிருந்துதான் அந்த மாற்றம் பிறந்தது என்பதால், அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நடைப்பயணங்களில் உங்களை நிறுத்தி யோசிக்க வைத்த மனிதர்கள் யாரேனும் இருந்தால் அவர்களைப் பற்றி நீங்களும் எழுத வேண்டும்.

ஒன்பது ஆண்டுகளாக ஆகஸ்ட் நடையை நான் ஒரே மாதிரிதான் தொடங்கி வந்தேன். 1639 ஆகஸ்ட் 22 அன்று அப்பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்திரி நாயக்கரிடமிருந்து ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டே கடலோர நிலத்துக்கு உரிமை பெற்றதையும், அவருடைய மேலதிகாரி ஆண்ட்ரூ கோகனும் மொழிபெயர்ப்பாளர் பேரி திம்மப்பாவும் அம்முயற்சியில் உடனிருந்ததையும் சொல்லி, 2004 முதல் அந்த நாள் சென்னை தினமாகக் கொண்டாடப்படுவதைக் குறிப்பிட்டு, அதன் பிறகே மற்ற இடங்களுக்கு நகர்வேன். எந்தத் தெருவில் நின்றாலும் கணக்கு 1639இலிருந்துதான் தொடங்கும்.

சென்ற ஆண்டு இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணிக்கு, பார்த்தசாரதி கோயில் குளக்கரையில் இருபது பேரை நிறுத்தி இதே பேச்சைப் பேசிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் துளசி மாலை தொடுத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, கையை நிறுத்தாமல், முழுவதையும் கேட்டிருக்கிறார். நான் முடித்ததும், "சார், சென்னைக்கு முந்நூத்திச் சொச்சம் வயசுன்னு சொல்றீங்களே, அதுக்கு முன்னாடி இந்தக் கோயிலு எந்த ஊர்ல இருந்துச்சு?" என்று கேட்டார்.

திருவல்லிக்கேணி அப்போது தனி ஊராக இருந்தது, 1670களில்தான் ஆங்கிலேயர் கைக்கு வந்தது என்று நான் விளக்கினேன். அவர் சிறிது யோசித்துவிட்டு, "அப்படின்னா சென்னைதான் எங்க ஊருக்கு வந்து சேர்ந்துச்சுன்னு சொல்லுங்க" என்றார். அந்த வாக்கியத்தில் பிழை எதுவும் இல்லை. பேயாழ்வாரும் திருமழிசையாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய ஊர், தன்னை நோக்கி ஒரு நகரம் வளர்ந்து வந்ததைப் பல நூற்றாண்டுகள் கழித்துப் பார்த்தது என்பதே நடந்த வரிசை. நானோ ஒன்பது ஆண்டுகளாக அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு இன்னும் முக்கியமானது. கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது; ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முற்பட்டது. கோயிலுக்குரிய வயல் ஒன்று அடகு போனதால் பெருமாளுக்குரிய அமுதுபடி குறைந்துவிட்டதையும், ஒருவர் அந்த வயலை மீட்டு அமுதுபடியை மறுபடி நிறைவாக நடக்கச் செய்ததையும் அது சொல்கிறது. வழக்கமாக நான் இதை ஒரே வரியில் கடந்துவிடுவேன். மன்னன் பெயரும் எழுத்தின் காலமும்தான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தன. அன்று அந்த அம்மாவுக்காக அதை நிதானமாகச் சொன்னபோது, அவர் முதன்முறையாக மாலையைக் கீழே வைத்தார். "அடமானத்தை மூட்டவர் பேரு அதுல இருக்குதா?" என்று கேட்டார். புகழ்த்துணை விசையரையன் என்று சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பல்லவ மன்னனின் பெயரை அவர் கேட்கவே இல்லை. அடகு வைப்பதும் வட்டி கட்டுவதும் மீட்டெடுப்பதும் என்னவென்று அறிந்த ஒருவருக்கு, அந்தக் கல்லில் முதன்மையானவர் யார் என்பதில் ஐயமே எழவில்லை. கல்லை வெட்டச் செய்தவர்களும் அவருடைய பெயர் நிலைக்க வேண்டும் என்றுதானே வெட்டச் செய்தார்கள்.

அன்று மாலையே நிகழ்ச்சி வரிசையை மாற்ற வேண்டும் என்று வட்டத்தில் முன்மொழிந்தேன்.

பரங்கிமலை உறுப்பினர்:

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகிறது. நான் நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியவன். எல்லைக்கல் தேடியே பாதி ஆயுள் போயிற்று. ஆகவே பரங்கிமலை நடையில் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டனின் மார்பளவுச் சிலைக்கு அருகே பேசும் பொறுப்பு எப்போதும் என்னுடையது.

1802 ஏப்ரல் 10 அன்று லாம்டன் பரங்கிமலைப் பக்கமிருந்து பெரும்பாக்கம் குன்றை நோக்கி ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிப்படை நேர்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார் என்பதும், பின்னாளில் இமயம் வரை நீண்ட மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே தொடக்கம் என்பதும் உங்களுக்குத் தெரியும். இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, தந்தையோடு வந்திருந்த எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "தாத்தா, இரும்புச் சங்கிலி வெயில்ல நீளுமே, அப்ப அளவு தப்பாப் போயிடாதா?" என்று கேட்டாள்.

லாம்டனின் கவலையும் அதுவேதான். எஃகுச் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெயில் படாதபடி கூடாரத்தின் நிழலில் நீட்டி, பக்கத்திலேயே வெப்பமானிகளை வைத்துப் பார்த்து, சூட்டில் சங்கிலி நீண்டதற்கேற்ப அளவைத் திருத்திக்கொண்டேதான் அளந்தார்கள். நம் சித்திரை வெயிலில் அந்த ஏழரை மைலை அளந்து முடிக்க ஐம்பத்தேழு நாள் ஆயிற்று. இந்த விவரங்கள் எல்லாம் எனக்குத் தெரிந்தவையே. ஆனாலும் அதுவரை நான் தேதியையும் தூரத்தையும் மட்டுமே சொல்லி வந்தேன். என் தொழிலின் உயிர்நாடியான பிழைதிருத்தத்தைச் சொல்லாமலே விட்டிருந்தேன். கேட்பவர்களுக்குச் சலிப்பூட்டும் என்று நானாகவே முடிவு செய்திருந்தேன். பதின்மூன்று வயதுக் குழந்தைக்கு அதுதான் முதல் கேள்வியாக வந்தது.

என்னிடம் நூறு கண்ணிகள் கொண்ட 66 அடிச் சங்கிலி ஒன்று இருக்கிறது. வட்டம் அனுமதித்தால், அடுத்த நடையில் மலையடிவாரத்தில் அதை விரித்துப் பிள்ளைகளையே அளக்கச் சொல்லலாம் என்று விரும்புகிறேன். காலை ஏழு மணிக்கு ஒருமுறையும் பத்து மணிக்கு ஒருமுறையும் அளந்தால், வெப்பமானி காட்டும் வேறுபாட்டை வைத்து எவ்வளவு திருத்த வேண்டும் என்று அவர்களே கணக்கிடலாம்.

சைதாப்பேட்டை உறுப்பினர்:

நான் வட்டத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகின்றன. ஆனால் என் சந்திப்பு அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, நான் கல்லூரி மாணவியாக இருந்தபோது நேர்ந்தது. இன்று மறைமலை அடிகள் பாலம் இருக்கும் இடத்தில், அடையாற்றைக் கடக்க 1726இல் ஆர்மேனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் தம் சொந்தச் செலவில் ஒரு பாலம் கட்டினார். ஆங்கிலேயர் அதை மார்மலாங் பாலம் என்றார்கள். நம் மாம்பலம்தான் அவர்கள் வாயில் அப்படி ஆயிற்று. பரங்கிமலைக்கு ஏறும் படிகளை அமைத்தவரும் அவரே. பாலம் கட்டியதைச் சொல்லும் கல்வெட்டு ஒன்று பாலத்தின் சைதாப்பேட்டை முனையில் சாலையோரமாக நின்றது.

அப்போது நான் நாள்தோறும் பேருந்துக்காக அதன் அருகில் நிற்பேன். ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. ஒரு மாலையில், அங்கே இளநீர் விற்றுக்கொண்டிருந்த பெரியவர் ஒரு குடம் தண்ணீரால் அந்தக் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். சாமிக் கல்லா என்று கேட்டேன். "சாமியெல்லாம் இல்ல பாப்பா. யாரோ பாலம் கட்டினவராம், பேரு எழுதியிருக்கு. தூசி படிஞ்சா பேரு தெரியாதில்ல?" என்றார். அதில் எழுதியிருப்பதை அவர் படித்ததில்லை. ஆர்மேனியம், பாரசீகம், இலத்தீன் என்று மூன்று மொழிகளில் அமைந்த கல்வெட்டு அது. சைதாப்பேட்டையில் அதை யார் படித்திருக்க முடியும்? படிக்க முடியாத ஒரு பெயர் அழியக் கூடாது என்று தம் செலவில் தண்ணீர் ஊற்றிய அவருடைய பெயரை நான் கேட்டு எழுதி வைக்கவில்லை. அடுத்த ஆண்டு அவர் அந்த இடத்தில் இல்லை.

சாலைப் பணி நடக்கும் இடங்களில் இத்தகைய கற்களுக்கு எப்போதும் ஆபத்து உண்டு. ஆகவே நம் ஆவணப் பதிவில் கல்லின் படம், அளவு, இருப்பிடம் ஆகியவற்றோடு, அதன் அருகில் கடை வைத்திருப்பவர்கள், அதைப் பற்றி அவர்கள் சொல்வது ஆகியவற்றையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கல்லுக்கு ஏதேனும் நேர்ந்தால் முதலில் தெரிந்துகொள்பவர்கள் அவர்கள்தாம்.

இராயப்பேட்டை உறுப்பினர்:

சுருக்கமாக ஒன்று. 1818இல் சென்னையில் குடிநீருக்குப் பெரும் தட்டுப்பாடு ஏற்பட்டபோது அன்றைய சென்னைக் கலெக்டர் எல்லிஸ் துரை இருபத்தேழு கிணறுகள் வெட்டச் செய்ததையும், அவற்றுள் ஒன்று இராயப்பேட்டை பெரியபாளையத்தம்மன் கோயிலில் இருந்ததையும், அதன் கல்வெட்டில் நாட்டுக்கு உறுப்பாகும் நீர்வளம் பற்றிய திருக்குறள் எடுத்தாளப்பட்டிருப்பதையும் சென்ற கோடையில் கோயில் தெருவில் நின்று பேசினோம். கல்வெட்டு ஆசிரியப்பாவில் அமைந்தது. அச்சுப்படியை வைத்துக்கொண்டு நான் உரைநடை போலத் தடுமாறி வாசித்தேன். அப்போது தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு காத்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் தாளை வாங்கி, அப்பாவுக்குரிய அகவல் ஓசையோடு முழுவதையும் படித்துக் காட்டினார். வரிசையில் இருந்த அனைவரும் கேட்டார்கள். லாரி வந்ததும் தாளைத் திருப்பித் தந்துவிட்டுச் சென்றார். இந்த ஆண்டு அவரே வாசிக்க இசைந்திருக்கிறார்.

திருவல்லிக்கேணி உறுப்பினர்:

நண்பர்களுக்கு நன்றி. உங்கள் வேண்டுகோள்களை வட்டம் ஏற்றுக்கொண்டது. ஆகவே நிகழ்ச்சிகள் இவ்வாறு அமைகின்றன.

முதல் ஞாயிறு பல்லாவரம். 1863 மே 30 அன்று நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் ஃபுட், அங்கே செம்மண் சரளைக் குழி ஒன்றில் பழைய கற்கால மனிதன் செதுக்கிய கைக்கோடரியை இனங்கண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் கிடைக்கும் இடத்தைக் கண்டறிந்தார்கள். அவ்விடத்தின் கற்கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் பழைமையானவை என்று 2011இல் வெளியான ஆய்வு நிறுவியது. ஃபுட்டின் சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. ஆகவே பல்லாவரத்தில் காலை நடையை முடித்துக்கொண்டு, மின்சார ரயிலில் எழும்பூர் சென்று அருங்காட்சியகத்தைப் பார்க்கிறோம். தனியாகப் பிறகு செல்ல விரும்புகிறவர்கள், அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைக்க வேண்டும். பரங்கிமலை ஐயாவின் சங்கிலி அளவை அடுத்த சனிக்கிழமை காலை நடக்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை உண்டு.

இரண்டாம் ஞாயிறு திருவல்லிக்கேணியும் இராயப்பேட்டையும். கல்வெட்டுகளின் மீது சுண்ணமோ மாவோ தடவி எழுத்தைத் துலக்க முயல வேண்டாம் என்று மறுபடியும் வேண்டுகிறேன். சென்ற முறை ஆர்வத்தில் ஒருவர் அவ்வாறு செய்துவிட்டார். ஒரு டார்ச் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தாலே தேய்ந்த எழுத்தும் நிழலால் எழுந்து தெரியும். கோயிலுக்குள் படமெடுப்பதை அங்குள்ள விதிகளின்படியே வைத்துக்கொள்வோம்.

மூன்றாம் ஞாயிறு பாரிமுனையும் கோட்டையும். 1773 ஜனவரி 1ஆம் தேதியைத் தாங்கி, பாரிமுனையின் டேர் ஹவுஸ் கட்டட மூலையில் தனித்து நிற்கும் எல்லைத் தூணிலிருந்து புறப்படுகிறோம். பிரெஞ்சுக்காரர் 1746இல் கோட்டையைப் பிடித்த பிறகு, எதிரிகள் மறைந்து வர இடமில்லாதபடி கோட்டைக்கு எதிரே இந்தியர் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இடிக்கப்பட்டு வெட்டவெளியாக்கப்பட்டது; அந்த வெளியின் எல்லையைக் காட்ட நட்ட தூண்களில் எஞ்சியது இது ஒன்றே. அங்கிருந்து கோட்டைக்குள் 1680இல் திறக்கப்பட்ட தூய மரியாள் தேவாலயம் வரை நடக்கிறோம். 1639ஆம் ஆண்டு உரிமை ஆவணத்தில் ஜூலை 22 என்று இருப்பதையும், பிரான்சிஸ் டே ஜூலை 27 அன்றுதான் இங்கு வந்தார் என்பதால் அது ஆகஸ்ட் 22ஆகத்தான் இருக்க வேண்டும் என்று அறிஞர்கள் கொண்டதையும் அங்கே வைத்துப் பேசுவேன். கோட்டைக்குள் நுழைய அசல் அடையாள அட்டை கட்டாயம் வேண்டும்.

மூன்று நடைகளும் காலை ஆறரை மணிக்குத் தொடங்கும். ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து பேருக்கு மேல் சேர்க்க இயலாது. கட்டணம் இல்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எங்கள் பேச்சுக்கு முன்பாக, அங்கேயே வாழ்கிறவர்கள் அல்லது தொழில் செய்கிறவர்கள் பேச விரும்பினால் முதல் ஐந்து நிமிடம் அவர்களுக்குரியது. சைதாப்பேட்டை உறுப்பினர் அவர்களுடைய பெயரையும் சொல்லையும், அவர்கள் இசைவோடு, குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்.

குளக்கரையில் பூக்கட்டும் அம்மாவிடம் நேற்று மாலை நேரில் சென்று சொல்லிவிட்டு வந்தேன். ஞாயிறு வியாபார நேரமாயிற்றே என்று தயங்கியவர், பிறகு, "அந்த அடமானக் கதைய மட்டும் நான் சொல்றேன் சார், பேரு மறக்கல" என்றார்.