புதுப்பிப்பு: ஆசான் செய்த ரைஃபிள் வீடு வந்தது

போன வசந்தத்தில் எழுதியிருந்தேன்: ஆல்பர்ட்டாவில் எனக்கு மான் வேட்டை கற்றுத்தந்த பெரியவர் எனக்காக ஒரு ரைஃபிள் செய்துகொண்டிருந்தார், குழலைத் தாங்கித் தோளில் பதியும் வால்நட் மரக் கட்டையில் விரிசல் கண்டதால் வேலை நின்றுபோனது என்று. சரி, இப்போது அது என் கையில் இருக்கிறது.

புதுக் கட்டையும் வால்நட்தான். பிடியருகே இழை நேராக ஓடுகிறது. தோளில் பதியும் பக்கம் போகப் போக டிகாஷன் நிறத்தில் கோடுகள் சுழிகின்றன. பிடியில் இழை குறுக்கே சாய்ந்தால் உதைப்பில் அங்கேதான் பிளக்குமாம், அதனால் மரம் தேடவே மாதக்கணக்கானது. வார்னிஷ் கிடையாது, ஆளிவிதை எண்ணெயை உள்ளங்கைச் சூட்டில் தேய்த்துத் தேய்த்து ஏற்றியிருக்கிறார். குழலுக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு தாள் தடையின்றி வழுக்கிப் போகிறது. ஈரத்தில் மரம் உப்பினாலும் குழலைத் தள்ளாது.

தோட்டாவை ஏற்றிப் பூட்டும் இயந்திரப் பகுதி, மௌசர் என்ற ஜெர்மன் ரைஃபிளின் 1898 வடிவம். தோட்டா முப்பது-நாட்-சிக்ஸ் (.30-06) என்ற வகை.

கொடுக்கும் முன் என் துப்பாக்கி உரிமத்தை அரசிடம் சரிபார்த்து, அதற்கான குறிப்பு எண் வாங்கினார். கனடாவில் 2022 மே முதல் இது கட்டாயம்.

விலை கேட்டிருந்தீர்கள். மரத்துக்கும் உலோகத்துக்கும் மட்டும் வாங்கிக்கொண்டார், கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

அப்புறம், பிடியில் செதுக்கிய கட்டங்களில் ஒரு கோடு மட்டும் மயிரிழை விலகியிருக்கிறது. கை நடுங்கிவிட்டது, திருத்தித் தருகிறேன் என்றார். தொடவே விடவில்லை நான். என் கட்டைவிரல் சரியாக அந்தக் கோட்டில்தான் உட்காருகிறது. நவம்பரில் முதல் நாள் வேட்டைக்கு அவரோடு போகிறேன்.