மகள் வூஸ்டரில இருந்து கேக்கிறா: கஞ்சாக் கடையை மூடச் சொல்லுற மனுவில கையெழுத்து வைக்கலாமா?

வெள்ளவத்தை அம்மம்மா:

2025 தீபாவளிக்கு அடுத்த நாள் மகள் வட்ஸ்அப்பில எடுத்தவ. அவ இருக்கிறது அமெரிக்காவில, மசசூசெட்ஸ் மாநிலத்தில வூஸ்டர் எண்ட ஊர். குடியுரிமை எடுத்து மூண்டு வருசம். சுப்பர்மார்க்கெட் வாசலில ஒரு ஆள் பேனையும் தாளும் வச்சுக்கொண்டு நிண்டு, "கஞ்சா விக்கிற கடையளை மூட வேணும், கையெழுத்து வையுங்கோ" எண்டு கேட்டவராம். மகள் வைக்காமல் வந்திட்டா. "அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?" எண்டு கேட்டா. எனக்கு வாயில பதில் வரேல்லை.

பேரனுக்கு 15 வயது. அவன் பள்ளிக்கூட பஸ்ஸுக்கு நிக்கிற இடத்தில இருந்து பாத்தா அந்தக் கடைப் பலகை தெரியும். போன வருசம் ரெண்டு மாதம் போய் நிண்டனான். கண்ணாடிக் கதவும் பச்சை எழுத்துமாய், மூக்குக்கண்ணாடிக் கடை மாதிரி இருக்கு. பின்னேரம் நடக்கப் போனா அந்த மணம் வராத நாள் இல்லை. இதை மூடினா நல்லது எண்டு அப்பவே நினைச்சனான்.

ஆனா எனக்கு ஒரு தம்பி இருந்தவன். 1996இல அவனுக்கு 22 வயது. சட்டைப் பொக்கெற்றில ஒரு சின்னப் பொட்டலம், ரெண்டு பேருக்குக் காணாது. கொழும்பில ஒரு சந்தியில மறிச்சுச் சோதிச்சுப் பிடிச்சவை. 14 நாள் விளக்கமறியல். அம்மா ஒவ்வொரு நாளும் சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு போய் வரிசையில நிண்டவ. குற்றக்காசு கட்டி வெளியில வந்தான். ஆனா கட்டாருக்குச் சரிவந்த வேலை பொலிஸ் றிப்போட்டால இல்லாமல் போச்சு. உள்ளுக்கைப் பழகின ஆக்களோட சேந்து ஹெரோயின் தூளுக்குப் போனான். 2003இல செத்துப்போனான். அந்தப் பொட்டலம் அவனைக் கொல்லேல்லை எண்டுதான் நான் இண்டைக்கும் நம்புறன். அந்த 14 நாள்தான் அவனைக் கொன்றது.

அதால என்ர கேள்வி இதுதான். கடையை மூடினா, பிறகு பொக்கெற்றில வச்சிருக்கிற பிள்ளையளைப் பிடிப்பினமோ? பிடிப்பினம் எண்டா, மகளுக்கு "வைக்காதை" எண்டு சொல்லுவன். தெரிஞ்சவை சொல்லுங்கோ.

பொஸ்ரன் போய் வந்தவன்:

அக்கா, நான் அங்க 11 வருசம் இருந்திட்டு இப்ப பம்பலப்பிட்டியில இருக்கிறன். உங்கட கேள்விக்கு நேர் பதில்: இல்லை. இந்த மனு மூடச் சொல்லுறது கடையளையும் வீட்டில செடி வளக்கிறதையும். 21 வயது நிறைஞ்ச ஆள் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம், வச்சிருக்கிறது அப்பிடியே சட்டபூர்வமாய் இருக்கும். ஒண்டுக்கு மேல ரெண்டு அவுன்ஸ் வரைக்கும் 100 டொலர் தண்டம், மறியல் இல்லை. மருந்துக்கு எண்டு வைத்தியர் எழுதிக் குடுக்கிற கஞ்சாவையும் தொடேல்லை.

அந்த மாநிலத்தில இதெல்லாம் சனத்தின்ர கையெழுத்தாலதான் வந்தது. 2008இல வச்சிருக்கிறதைக் குற்றத்தில இருந்து எடுத்தது, 2012இல மருந்துக்கு விட்டது, 2016இல 21 வயது நிறைஞ்ச எல்லாருக்கும் விட்டது, மூண்டும் வாக்கெடுப்பு. 2018 நவம்பரிலதான் முதல் கடையள் திறந்தவை. இப்ப அதே வழியால திருப்பப் பாக்கினம். 74,574 கையெழுத்து வேணும், ஒரு மாவட்டத்தில இருந்து கால்வாசிக்கு மேல எண்ணமாட்டினம். பிறகு மனு சட்டசபைக்குப் போகும். அங்க நிறைவேத்தாட்டி இன்னும் 12,429 கையெழுத்துச் சேத்தால்தான் 2026 நவம்பர் வாக்குச்சீட்டில வரும். மகள் இப்ப கையெழுத்து வச்சால் கடை மூடுப்படாது, கேள்வி சனத்திட்டப் போறதுக்கு ஒரு படிதான்.

மற்றது, கடை இல்லாட்டிப் பழக்கம் நிக்குமெண்டு நான் நம்பேல்லை. கடையில அடையாள அட்டை பாப்பினம், சாமான் ஆய்வுகூடம் போய் வந்தது. தெருவில விக்கிறவன் வயது கேக்கமாட்டான்.

இன்னொண்டு, மிச்சம் முக்கியம். மருமகனுக்குக் குடியுரிமை கிடைச்சிட்டுதோ? கிறீன் கார்ட்டோட இருக்கிறார் எண்டா அவர் கையெழுத்து வைக்கக் கூடாது, பதிஞ்ச வாக்காளருக்கு மட்டும்தான் அந்தத் தாள். கஞ்சாவையும் அவர் தொடக் கூடாது. மாநிலம் விட்டாலும் மத்திய சட்டத்தில அது இன்னும் தடை. பாவிச்சதை ஒத்துக்கொண்டாலோ, அப்பிடிக் கடையில வேலை செய்தாலோ குடியுரிமை மறுக்கலாம் எண்டு குடிவரவு ஆக்கள் 2019இல எழுத்தில போட்டவை.

பாடசாலை ஆசிரியை, கொழும்பு 6:

நான் கையெழுத்து வைக்கச் சொல்வேன். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனின் புத்தகப் பையில் கஞ்சா கலந்த மதன மோதகம் கண்டெடுத்தவள் நான். "மிஸ், இது ஆயுர்வேத மருந்து, கடையில விக்கிறாங்க" என்றான். அவன் பொய் சொல்லவில்லை, அவன் அப்படித்தான் விளங்கிக்கொண்டிருந்தான். பெரியவர்கள் கடை போட்டு விற்றால் அது சரியான பொருள் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும். பேரன் தினமும் பார்க்கும் அந்தப் பலகை அவனுக்கு அதைத்தான் சொல்கிறது. உங்கள் தம்பிக்கு நடந்தது கொடுமை. அதற்காகக் கடை வேண்டும் என்று ஆகாது, அம்மா.

கொட்டாஞ்சேனை சிவா:

அம்மா, எனக்கு இந்தக் கஞ்சா விஷயத்த விட, சனமே கேள்விய எழுதி வாக்குச்சீட்டுக்குக் கொண்டு போறாங்கன்றதுதான் மனசுல நிக்குது. இங்க ஒரே ஒரு சர்வசன வாக்கெடுப்புதான் நடந்திருக்கு, 1982 டிசம்பர் 22. எனக்கு 19 வயசு, மொத வாக்கு அதுதான். பாராளுமன்றத்த தேர்தல் இல்லாம இன்னும் ஆறு வருஷம் நீட்டவான்னு கேட்டாங்க. ஆமான்னா விளக்கு, இல்லன்னா குடம். நான் குடத்துக்குப் போட்டேன், விளக்கு ஜெயிச்சிருச்சு. கேள்விய எழுதினது ஜனாதிபதி. நம்ம அரசியலமைப்புல இன்னைக்கும் சனம் கையெழுத்து சேர்த்து ஒரு வாக்கெடுப்பு வைக்க வழியில்ல. மீரிகமவுல ஏற்றுமதிக்குக் கஞ்சா வளர்க்க வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு அனுமதி குடுத்தாங்களே, என்னையோ உங்களையோ யாராச்சும் கேட்டாங்களா? உங்க மகளுக்கு அந்த உரிம இருக்கு. வைக்கிறாங்களோ இல்லையோ, வாசிச்சிட்டு முடிவு எடுக்கச் சொல்லுங்க.

வெள்ளவத்தை அம்மம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று இரவு மகளோட ஒரு மணித்தியாலம் கதைச்சனான். கையெழுத்துத் தாளின்ர மேலயே சட்டமா அதிபர் எழுதின சுருக்கம் இருக்குதாம். அவ அதை எடுத்து எனக்கு வாசிச்சுக் காட்டினா. ஒரு அவுன்ஸ் பற்றின வரியை ரெண்டு தரம் வாசிப்பிச்சனான். பொஸ்ரன் தம்பி சொன்னது சரிதான்.

அதால "வை" எண்டு சொல்லிட்டன். ரீச்சர் சொன்ன பலகைக் கதை நெஞ்சில நிக்குது. கடையை மூட வேணுமோ எண்டு அங்க இருக்கிற சனம் யோசிக்கட்டும், அவைக்கு இன்னும் ஒரு வருசம் இருக்கு. தெருவில விக்கிறவன் வயது கேக்கமாட்டான் எண்டதும் எனக்குத் தெரியும், என்ர தம்பிக்கு வித்தவனும் கேக்கேல்லை. அதுக்கு மகளிட்ட வேற சொன்னனான், பிள்ளையோட இருந்து கதை எண்டு. மருமகனுக்குக் கிறீன் கார்ட்தான். அவரிட்டையும் சொல்லியாச்சு.

பேரனுக்கு என்ர தம்பியைப் பற்றி ஒருத்தரும் சொன்னதில்லை. 1995இல காலிமுகத்திடலில பட்டம் விட்டுக்கொண்டு நிக்கிற படம் ஒண்டு இருந்தது, அதை அவனுக்கு அனுப்பினனான். "அம்மம்மா, இது ஆர்?" எண்டு கேட்டு எழுதியிருக்கிறான். இண்டைக்கு அவன் பள்ளிக்கூடத்தால வந்த உடன எடுக்கப்போறன்.